வளர்ந்த பிறகு பியானோ: பணமும் நாளும் வீணாகாமல் தொடங்குவது எப்படி?

முப்பதைத் தாண்டிவிட்டீர்கள், இசையை முறையாகப் படித்ததில்லை, இனியாவது பியானோ கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை இருக்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே கற்றுக்கொள்கிறேன். 'இந்த வயதில் விரல் வளையாது' என்று பலர் பயமுறுத்தினார்கள். விரல் வளைந்துவிட்டது. எந்தக் கருவி, எந்த வகுப்பு, எவ்வளவு செலவு, தேர்வு எழுத வேண்டுமா என்று கடை கடையாக ஏறி இறங்கி உருப்படியான பதிலைக் கறப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்வார். இருவரிடமும் விற்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கீழே வரும் விலைகளும் கட்டணங்களும் சென்னையில் நான் விசாரித்தபோது சொல்லப்பட்டவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குப் போட ஒரு அடிப்படையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பியானோவா, கீபோர்டா: இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

தெருவுக்குத் தெரு 'கீபோர்டு வகுப்பு' என்று பலகை தொங்குகிறது. உள்ளே போய்ப் பியானோ சொல்லித் தருவீர்களா என்று கேட்டால், 'இரண்டும் ஒன்றுதான், நாளைக்கே வந்து சேருங்கள்' என்பார்கள். கட்டைகளின் வரிசை மட்டும்தான் ஒன்று. மற்றபடி இரண்டும் வேறு.

கீபோர்டில் பெரும்பாலும் 61 கட்டைகள் இருக்கும், உள்ளே ஸ்பிரிங். வலது கை மெட்டை வாசிக்க, இடது கை ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பிடித்துக்கொண்டு நிற்கும். தாளத்தையும், பேஸ் எனப்படும் தாழ்ந்த சுரங்களையும் கருவியே போட்டுக்கொள்ளும். பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. எவ்வளவு வேகமாகக் கட்டை கீழே இறங்குகிறதோ அவ்வளவு உரக்க ஒலிக்கும். இடது கைக்கென்று தனி வேலை உண்டு. அதைச் செய்து கொடுக்க உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் இசைத் தேர்விலேயே பியானோவுக்கு ஒரு பாடத்திட்டம், எலெக்ட்ரானிக் கீபோர்டுக்கு வேறு பாடத்திட்டம்.

மெல்லிசைக் குழுவில் வாசிக்க வேண்டும், நண்பர்கள் பாடும்போது கூடச் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் கீபோர்டே வாங்குங்கள். விலை குறைவு, தூக்கிக்கொண்டு போகலாம். கர்நாடக இசை வாசிக்க விரும்புகிறவர்களும் அந்தப் பக்கம் போவதே நல்லது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் அசையாமல் அங்கேயே நிற்கும். சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு வழியே கிடையாது. சுரத்தை வளைக்க உதவும் பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள கீபோர்டும், அதில் கைதேர்ந்த ஆசிரியரும் கிடைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். தோடி ராகத்தைப் பியானோவில் தேடிப் போய் மனம் நோகாதீர்கள்.

'முதலில் கீபோர்டில் ஒரு வருடம் பழகிவிட்டுப் பிறகு பியானோவுக்கு மாறுங்கள்' என்பது எல்லோரும் இலவசமாகத் தரும் அறிவுரை. எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிரிங் கட்டையைத் தட்டிப் பழகிய விரலுக்குப் பியானோவின் கனம் புதிதாகவே இருக்கும். இடது கையோ ஒரு வருடம் ஓய்வில் இருந்திருக்கும். இரண்டு முறை செலவழித்து, பாடத்தையும் இரண்டு முறை தொடங்குவீர்கள். ஆசை நிலைக்குமா என்ற சந்தேகம் இருந்தால் கீபோர்டு வாங்குவதைவிட டிஜிட்டல் பியானோவை (கம்பி இல்லாமல் மின்சாரத்தில் பியானோ ஒலி தரும் கருவி) வாடகைக்கு எடுங்கள். சில கடைகள் மாத வாடகைக்குத் தருகின்றன. அடையாளச் சான்றின் நகலும் முன்பணமும் கேட்பார்கள். முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பி வரும், பழுதானால் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. கருவியைத் தேர்ந்தெடுப்பது

கம்பி கட்டிய அசல் பியானோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருடைய கனவும் அதுதான். நிமிர்ந்து நிற்கும் வகையில் புதியது வாங்கவே லட்சங்கள் வேண்டும். அதோடு முடியாது. உள்ளே 200க்கும் மேற்பட்ட கம்பிகள், மரம், கம்பளித் துணி. சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில் இவை எல்லாம் ஊறும், சுருங்கும், துருப்பிடிக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். எலிக்கு அந்தக் கம்பளித் துணி மிகவும் பிடிக்கும். வாடகை வீட்டில் இருந்தால் ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அதற்கென்று பழகிய ஆட்களைத் தேட வேண்டும்.

'பழைய பியானோ, ஐம்பதாயிரத்துக்குத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சுருதி சேர்ப்பவர் ஒருவரைக் காசு கொடுத்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். கம்பியை இறுக்கும் முளைகள் மரத்தில் தளர்ந்துவிட்டனவா, ஒலிப்பலகையில் விரிசல் இருக்கிறதா, இன்றைய சுருதிக்கு ஏற்றினால் கம்பிகள் தாங்குமா என்று அவர்தான் சொல்ல முடியும். முளைகள் தளர்ந்த பியானோவில் காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்காது. அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு டிஜிட்டல் பியானோதான். கடையில் மூன்று விஷயங்களில் உறுதியாக இருங்கள்: 88 கட்டைகள், சுத்தியல் அமைப்புடன் கூடிய கனமான கட்டைகள், ஒலியை நீட்டிக்கக் காலால் அழுத்தும் பெடலை இணைக்கும் வசதி. இங்கே ஒரு சொல் விளையாட்டு நடக்கும், கவனியுங்கள். 'டச் சென்சிடிவ்' என்றால் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறையும் என்று மட்டுமே பொருள். ஸ்பிரிங் கட்டையிலும் அது உண்டு. 'செமி வெயிட்டட்' என்பதும் ஸ்பிரிங்தான், சற்று விறைப்பாக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது 'ஹேமர் ஆக்ஷன்', அதாவது சுத்தியல் அமைப்பு.

விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டாம், விரலையே கேளுங்கள். இடது கோடிக் கட்டையை அழுத்துங்கள், பிறகு வலது கோடியில் உள்ளதை அழுத்துங்கள். இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் இலகுவாகவும் இருக்க வேண்டும். அடுத்து, ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அடிவரை இறக்குங்கள். சுத்தியல் அமைப்பு உள்ளதில் ஒலி எழாமலேயே இறக்கிவிட முடியும். கடைசியாக, ஒரே கட்டையை மெல்லிய ஒலியில் பத்து முறை தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் திடீரென்று கத்தினால் வேறு மாடலைப் பாருங்கள். எதுவும் வாசிக்கத் தெரியாமல் கடையில் உட்காரக் கூச்சமாக இருக்கும். இந்தச் சோதனைகளுக்கு எதுவும் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 ஆகியவை தொடக்க நிலையில் பரவலாக வாங்கப்படும் மாடல்கள். ஏறக்குறைய ரூ.40,000 முதல் ரூ.60,000 வரை ஆகும். அதற்கு மேல் யமஹா பி-225, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ் என்று போகும். முதல் மூன்றில் எதை எடுத்தாலும் முதல் சில வருடங்களுக்குப் போதும். ரோலண்டின் கட்டை எனக்குப் பிடிக்கும். கேசியோ மெலிந்தது, சின்ன அறைக்கு ஏற்றது. ஐநூறு ஒலிகள், இருநூறு தாளங்கள் என்று அடுக்கிக் காட்டும் கருவியைத் தவிர்த்துவிடுங்கள். முதல் வாரம் புல்லாங்குழல் ஒலியை எல்லோரும் தட்டிப் பார்ப்போம், பிறகு அந்தப் பொத்தான் பக்கமே போகமாட்டோம்.

3. பில்லில் வராத செலவுகள்

விளம்பரத்தில் போடும் விலை கருவிக்கு மட்டும். கூடவே வாங்க வேண்டியவை இவை.

ஸ்டாண்ட்: 'எக்ஸ்' வடிவ மடக்கு ஸ்டாண்ட் ரூ.2,000க்குக் கிடைக்கும். 88 கட்டைக் கருவி அதன்மேல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், முழங்காலும் இடிக்கும். அந்தந்த மாடலுக்கென்று வரும் மர ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது தச்சரிடம் உறுதியான மேசை செய்துகொள்ளுங்கள். மேசை செய்தால் கருவியின் தடிமனைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்: தரையிலிருந்து கட்டைகளின் மேற்பரப்பு வரை 72 முதல் 75 செ.மீ. வர வேண்டும். படிக்கும் மேசையின் மேலேயே கருவியை வைத்தால் தோள் மேலே ஏறிவிடும். இரண்டு வாரத்தில் கழுத்து வலி வரும்.

இருக்கை: சாப்பாட்டு நாற்காலி தாழ்வு, பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கைப்பிடி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெஞ்ச் ரூ.3,000 முதல் கிடைக்கிறது.

பெடல்: தொடக்க நிலை மாடல்களுடன் பெட்டியில் வருவது பெரும்பாலும் சதுரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்விட்ச். டைல்ஸ் தரையில் அது நழுவி நழுவி ஓடும். ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் சுவரோரம் போய் நிற்கும். அடியில் ரப்பர் ஒட்டிய, அசல் பியானோ பெடல்போல் நீண்ட உலோகப் பெடல் ஒன்றைத் தனியாக வாங்குங்கள், ரூ.1,500 முதல் ரூ.3,000 வரை. இன்னொன்று: கருவியை ஆன் செய்யும்போது பெடல்மேல் கால் இருக்கக் கூடாது. பல கருவிகள் அந்த நொடியில்தான் பெடலின் நிலையை அறிந்துகொள்கின்றன. கால் இருந்தால் பெடல் தலைகீழாக வேலை செய்யும், நீங்கள் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு போன் செய்துகொண்டிருப்பீர்கள்.

ஹெட்போன்: கம்பி உள்ளதே வேண்டும். புளூடூத் ஹெட்போனில் நீங்கள் அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்து ஒலி வரும். பாட்டுக் கேட்கும்போது தெரியாத அந்தத் தாமதம் வாசிக்கும்போது பைத்தியம் பிடிக்க வைத்துவிடும். சில மாடல்களில் ஹெட்போன் துளை தடித்தது, 6.3 மி.மீ.; சிலவற்றில் 3.5 மி.மீ. கடையிலேயே பார்த்து, தேவையானால் நூறு ரூபாய் கன்வெர்ட்டரைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

இவற்றோடு மின்னழுத்தம் திடீரென்று ஏறினால் கருவியைக் காக்கும் ஸ்பைக் கார்டு ஒன்று, தூசி மூட ஒரு துணி. எல்லாம் சேர்த்து ரூ.12,000 முதல் ரூ.18,000 வரை ஆகிவிடும். கருவிக்கு ரூ.45,000 என்று மனதில் வைத்திருந்தால் கையில் ரூ.60,000 வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

4. பில், வாரண்டி, டெலிவரி

கருவியின் சீரியல் எண் பில்லில் இருக்க வேண்டும். 'மாடல் பெயர் போட்டிருக்கிறோமே, போதாதா?' என்பார்கள். போதாது. வாரண்டிக்கு நிறுவனம் கேட்பது அந்த எண்ணைத்தான். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரை, வாங்கிய தேதி, நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவுசெய்யக் கடைசி நாள் இருந்தால் அதுவும் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் விற்பவர் அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட டீலரா என்று முன்பே உறுதிசெய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக இறக்கி மலிவாக விற்கப்படும் பெட்டிக்கு இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம். பழுதானால் வீட்டுக்கு ஆள் வருவாரா, நாம் சுமந்துபோக வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

தவணையில் வாங்குகிறவர்களுக்கு: 'வட்டியில்லாத் தவணை' என்றாலும் செயலாக்கக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் வரும். முழுத் தொகையாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று தனியாகக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல சமயம் ரொக்க விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். ஆயுத பூஜை, தீபாவளியையொட்டிச் சலுகை வரும். இரண்டு மாதம் பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம், அதற்குமேல் காத்திருப்பது வெறும் சாக்கு.

பெட்டி ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீளமாக வரும். கருவி 10 முதல் 12 கிலோதான், ஒரு ஆள் தூக்கிவிடலாம். ஆனால் லிப்ட்டில் நிற்குமா, மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா என்று அளந்துகொள்ளுங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

5. வீட்டில் எங்கே வைப்பது

ஏசியின் நேர்க் காற்றும் ஜன்னல் வெயிலும் படாத சுவரோரம். படுக்கையறை வேண்டாம், அங்கே வைத்தால் வீட்டில் ஒருவர் தூங்கும் நேரமெல்லாம் உங்களுக்குப் பயிற்சி இல்லை. அடுக்குமாடியில் ஹெட்போன் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்று நினைக்கத் தோன்றும். சுத்தியல் கட்டைகள் அடியில் மோதும் 'தொப் தொப்' தரை வழியாகக் கீழ் வீட்டுக்குக் கேட்கும். இரவு பத்தரைக்கு அவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டுவிடுங்கள்.

கருவியின் மேல் காபி டம்ளர் வைக்கும் வழக்கத்தை முதல் நாளே தடைசெய்யுங்கள். விருந்தினருக்கும் விதிவிலக்கு கிடையாது. சர்க்கரைக் காபி உள்ளே இறங்கினால் வாரண்டி கைகொடுக்காது.

6. ஆசிரியர்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

கருவியைத் தவறாக வாங்கினாலும் விற்றுவிடலாம். ஆசிரியர் சரியாக அமையாவிட்டால் ஆறு மாதத்தில் ஆசையே போய்விடும். நான் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்றில் குழந்தைகளோடு குழந்தையாக, ஹெட்போன் மாட்டிய ஆறு பேர் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஆசிரியர் ஒவ்வொருவர் பின்னாலும் பத்து நிமிடம் நிற்பார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது சரிப்படலாம். பெரியவர்களுக்குச் சரிப்படாது. நம்முடைய சிக்கல் மணிக்கட்டிலும் தோளிலும் இருக்கும் இறுக்கம். அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே தனி வகுப்பு. வாரத்துக்கு ஒன்று, 45 நிமிடம் போதும்.

கட்டணம்: குழு வகுப்பு மாதம் ரூ.2,000 முதல் ரூ.3,500 வரை. தனி வகுப்பு ஒன்றுக்கு ரூ.700 முதல் ரூ.1,500 வரை, உயர்நிலைத் தேர்வு முடித்த அனுபவசாலிகள் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறவர் போக்குவரத்துக்குத் தனியாக வாங்கலாம். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். முதல் மாதம் முடியும்வரை அதற்கு இணங்காதீர்கள். கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது நடக்கிற காரியமில்லை.

சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: நீங்கள் பியானோ படித்தீர்களா, கீபோர்டா? எந்த கிரேடு (தேர்வு நிலை) வரை? இப்போது உங்களிடம் பெரியவர்கள் யாராவது கற்கிறார்களா? நான் அலுவலக வேலையால் ஒரு வகுப்புக்கு வராவிட்டால் அந்தக் கட்டணம் போய்விடுமா, மாற்று வகுப்பு உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிவையுங்கள். மாதக் கடைசியில் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் இதனால்தான்.

சோதனை வகுப்புக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் உங்கள் கையைப் பார்க்கிறாரா, புத்தகத்தை மட்டும் பார்க்கிறாரா? முதல் வகுப்பிலேயே பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்து, முழங்கை கட்டைகளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். 'உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டை அடுத்த வாரமே வாசிக்க வைக்கிறேன்' என்கிறவரிடமிருந்து நாசூக்காகக் கழன்றுகொள்ளுங்கள்.

ஆசிரியரே வேண்டாம், மொபைல் செயலியில் கற்கலாமா? செயலி சுரம் சரியா தவறா என்று சொல்லும். மணிக்கட்டு தொங்குவது அதற்குத் தெரியாது. வண்ணக் கோடுகள் மேலிருந்து விழும் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வாசிப்பவர்கள் ஒரு பாட்டை மனப்பாடம் செய்வார்கள், அடுத்த பாட்டுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். பணம் இடிக்கிறது என்றால் மாதம் இரண்டு வகுப்பு ஆசிரியரிடம், மீதி வாரங்களில் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கென்றே எழுதப்பட்ட தொடக்கப் பாடநூல்கள் ரூ.800 முதல் ரூ.1,500 வரை கிடைக்கின்றன. வாங்குமுன் ஆசிரியரைக் கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் பழக்கமாகியிருக்கும்.

7. முதல் மூன்று மாதம்

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். பெஞ்சின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள்.

தினமும் 25 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரக் கணக்கைத் தீர்க்க முடியாது. விரல் அப்படிக் கற்பதில்லை. காலையில் அலுவலகம் கிளம்புமுன் கிடைக்கும் நேரம்தான் நிலைத்தது. இரவு என்று ஒத்திப்போட்டால் அது நாளை இரவாகிவிடும்.

நோட்டேஷனை, அதாவது எழுதிய இசையைப் படிப்பதை, தள்ளிப்போடாதீர்கள். ஐந்து கோடுகளைப் பார்த்து மிரள்கிறவர்கள் கட்டைகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள், பிறகு ஸ்டிக்கரைத்தான் வாசிக்கிறார்கள். இரண்டு கறுப்புக் கட்டைகளின் இடப்பக்கத்து வெள்ளைக் கட்டை எப்போதும் 'சி'. இது ஒன்று தெரிந்தால் ஸ்டிக்கர் தேவையில்லை. கொஞ்சம் வாய்ப்பாட்டுப் படித்தவர்களுக்கு ஒரு வசதி: 'சி' என்பது நம் ஒரு கட்டைச் சுருதி. அதை ஸ என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் ஆரோகணம். மேற்கத்திய இசையில் அதுதான் 'சி மேஜர்' ஸ்கேல். காது ஏற்கெனவே அறிந்ததை விரலுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் மிச்சம்.

அந்த மிச்சம் லேசுப்பட்டதல்ல. இரண்டு கைக்கும் கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. வலது கையால் ஸ ரி க என்பதை 1-2-3 என்று வாசித்து, நடுவிரல் இன்னும் க-வில் இருக்கும்போதே கட்டை விரல் உள்ளங்கைக்கு அடியில் நழுவி ம-வைப் பிடிக்க வேண்டும். பிறகு 2-3-4-5 என்று மேல் ஸ வரை. அந்த இடத்தில் முழங்கை கோழிச்சிறகு போல் வெளியே அடித்தால், தவறு. கட்டை விரல் மட்டும்தான் பயணம் செய்ய வேண்டும். இடது கைக்குக் கணக்கு வேறு: 5-4-3-2-1 என்று ஸ முதல் ப வரை போய், கட்டை விரலுக்கு மேலாக நடுவிரல் தாண்டி த-வைப் பிடிக்கும். அதாவது வலது கை ம-வில் மாறுகிறது, இடது கை த-வில் மாறுகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் மூளை தடுமாறுவது இதனால்தான், உங்கள் வயதினால் அல்ல.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு, நியாயமானதுதான். இரண்டு கட்டை விரல்களையும் நடு 'சி'யில் (கட்டைகளின் நடுப்பகுதியில் வரும் 'சி') வைத்து, வலது கை வலப்பக்கமும் இடது கை இடப்பக்கமும் விலகிப் போகும்படி வாசியுங்கள். அப்போது இரு கைக்கும் விரல் எண் ஒன்றே: 1-2-3, 1-2-3-4-5. இரண்டும் ஒரே நொடியில் மாறும். இதில் கை பழகிய பிறகு ஒரே திசையில் சேர்த்து வாசிக்கப் போங்கள். சீராகத் தட்டிக்கொடுக்கும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு. சுத்தமாக வரும்வரை ஏற்ற வேண்டாம்.

பாட்டுக்கும் இதே பொறுமை வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, தடுக்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது எல்லோரும் செய்வது. விளைவு, முதல் நான்கு அளவுகள் (நோட்டேஷனில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகள்) பிரமாதமாக இருக்கும், முடிவு குப்பையாக இருக்கும். கடைசி நான்கு அளவுகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். தடுக்கிய இடத்தை மட்டும் வலது கை, இடது கை, பிறகு சேர்த்து.

வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். விரல் களைப்பது வேறு. மணிக்கட்டிலோ முன்கையிலோ சுரீரென்று வருவது வேறு. கணினியில் நாள் முழுதும் தட்டச்சு செய்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எதிர்பார்ப்புக்கு ஒரு கணக்கு: மூன்று மாதத்தில் இரண்டு கையும் சேர்ந்து எளிய எட்டு அளவு மெட்டு வரும். ஆறு முதல் ஒன்பது மாதத்தில் டிரினிட்டியின் 'இனிஷியல்' என்ற தொடக்க நிலைத் தேர்வுக்கு உட்காரலாம். கிரேடு 1-க்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். நடுவில் அலுவலக ஆடிட், வீட்டில் கல்யாணம் என்று ஒரு மாதம் போகும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் வருடச் செலவு கருவி, வகுப்பு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும்.

8. தேர்வு எழுத விரும்பினால்

கட்டாயமில்லை. சான்றிதழால் உங்களுக்கு வேலை உயர்வு வரப்போவதில்லை. ஆனாலும் தேதி குறித்துவிட்டால் பயிற்சி ஒழுங்குக்கு வருகிறது என்பது உண்மை. வயது வரம்பு எதுவும் கிடையாது. அறைக்கு வெளியே பத்து வயதுப் பிள்ளைகளோடு காத்திருக்க நேரும். அவர்கள் உங்களை யாருடைய அப்பா, யாருடைய அம்மா என்றுதான் பார்ப்பார்கள், அது பழகிவிடும்.

நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது டிரினிட்டி. இனிஷியலில் தொடங்கி கிரேடு 8 வரை. மொத்தம் 100 மதிப்பெண்: மூன்று பாடல்களுக்கு 66, ஸ்கேல் முதலிய டெக்னிக்கல் பகுதிக்கு 14, துணைத் தேர்வுகளுக்கு (புதிய நோட்டேஷனைப் பார்த்த உடனே வாசிப்பது, கேட்டுப் பதில் சொல்வது போன்றவை) 20. தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87. தொடக்க கிரேடுகளில் துணைத் தேர்வுகளைச் சில வகைகளிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு தேர்வு அமைப்பு ஏபிஆர்எஸ்எம்: 150 மதிப்பெண்; தேர்ச்சி 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. அதில் கிரேடு 6-க்குப் போகுமுன் கிரேடு 5 தியரி அல்லது அதற்கு இணையான ஒரு தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. இரண்டிலும் வீட்டில் காணொளி எடுத்து அனுப்பும் முறையும் இருக்கிறது. ஆசிரியருக்கு எது பழக்கமோ அதையே எழுதுங்கள்.

கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கி ஒவ்வொரு கிரேடுக்கும் ஏறும். பதிவு தேர்வுக்கு வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். தாமதமானால் கூடுதல் கட்டணம், இல்லாவிட்டால் அடுத்த பருவம். கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. ஆகவே அலுவலகத்தில் வருடக் கடைசி நெருக்கடி இருக்கும் மாதத்தில் பெயர் கொடுக்காதீர்கள்.

பெயரை விண்ணப்பத்தில் எழுதும்போது அரசு அடையாளச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். நம் இனிஷியல் தொல்லை இங்கேயும் துரத்தும்: ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, பான் அட்டையில் வேறு மாதிரி. எது ஒன்றோ அதையே எல்லா கிரேடுக்கும் பயன்படுத்துங்கள். பிறந்த தேதி, மின்னஞ்சல் இரண்டையும் ஆசிரியர் நிரப்பினாலும் நீங்கள் ஒரு முறை சரிபாருங்கள். பயிற்சி நிலையங்கள் மொத்தமாக விண்ணப்பம் அனுப்பும்போது எழுத்துப் பிழை சகஜம், சான்றிதழைத் திருத்தி வாங்குவது தனி அலைச்சல்.

பாடல் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பயிற்சி செய்வது நம் வழக்கம். தேர்வறைக்குள் அது ஆகாது; அசல் புத்தகமோ முறையாக விலைக்கு வாங்கிய மின்பதிப்போ வேண்டும். புத்தகம் கிடைக்காமல் கடைசி நேரத்தில் அலைகிறவர்கள் ஒவ்வொரு பருவமும் இருக்கிறார்கள். பதிவுசெய்யும் அன்றே வாங்குங்கள். காப்புரிமை முடிந்த பழைய பாடல்களின் நோட்டேஷன் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம். ஆனால் தேர்வுப் பட்டியலில் குறிப்பிட்ட பதிப்பு கேட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் பியானோவிலேயே பழகியவர்கள் தேர்வுக்கு முன் இரண்டு மூன்று முறையாவது அசல் பியானோவில் வாசித்துப் பார்க்க வேண்டும். கட்டை இன்னும் கனமாக இருக்கும், பெடல் ஆழமாக இறங்கும், ஒலி முகத்தில் அறையும். அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளில் அசல் பியானோக்களைத் தொட்டுப் பார்க்கலாம். ஆசிரியரின் வீட்டில் இருந்தால் அரை மணி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். காணொளி முறையில் எழுதுகிறவர்கள் தங்கள் டிஜிட்டல் பியானோ அந்த கிரேடுக்கு ஏற்கப்படுமா என்று அந்த வருடப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காணொளியை வெட்டி ஒட்டக் கூடாது; கைகளும் கட்டைகளும் முகமும் தெரிய வேண்டும்.

தேர்வன்று அனுமதிச் சீட்டு, அடையாளச் சான்றின் அசல், பாடல் புத்தகம், ஒரு கைக்குட்டை. ஏசி அறையில் விரல் விறைக்கும், பதற்றத்தில் உள்ளங்கை வியர்க்கும், இரண்டும் சேர்ந்தே வரும். அரை மணி முன்னதாகப் போங்கள். உள்ளே போனதும் வாசிக்கத் தொடங்குமுன் பெஞ்சின் உயரத்தை மாற்றிக்கொள்ள நேரம் கேட்கலாம், தேர்வாளர்கள் மறுப்பதில்லை. உங்களுக்கு முன் உள்ளே போனவர் பெரும்பாலும் நாலரை அடிப் பிள்ளையாக இருக்கும்.